டபுள்-வைடு வீட்டுக்கு டக்ட் போட்ட கதை

வீட்டுக்கடியில் மல்லாந்து படுத்தால் மூக்குக்கும் தலைக்கு மேலிருக்கும் கறுப்புத் துணிக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இருந்தது. அந்தத் துணி ஒரு மூலையில் கிழிந்து, உள்ளிருந்த கண்ணாடிப் பஞ்சு மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஈர மண்ணில் பெரிய மலைப்பாம்பு செத்துக் கிடப்பது போலப் பழைய டக்ட், அதாவது ஏசி காற்றைக் கொண்டுபோகும் குழாய், கிடந்தது. ஒரு பக்கம் வீட்டோடு இணைந்திருந்தது, மறுபக்கம் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. இரண்டு கோடைகாலம் மின்சாரக் கட்டணம் கட்டி நாங்கள் குளிர்வித்தது வீட்டின் பாதியையும், அடியில் குடியிருந்த தேள்களையும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

டெக்சாஸில் ஆஸ்டினுக்குக் கிழக்கே, பாஸ்ட்ராப் பக்கம், நிலத்துக்காக வாங்கிய இடம் இது. நிலத்தோடு ஒரு பழைய டபுள்-வைடு வீடும் வந்தது. இரண்டு வருஷம் இதில் ஓட்டிவிட்டுப் புது வீடு கட்டுவதாகத் திட்டம். இப்போது ஐந்தாவது வருஷம் நடக்கிறது.

இந்த மாதிரி வீட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆலையிலேயே முழுதாகச் செய்து, சக்கரம் மாட்டி, நெடுஞ்சாலையில் இழுத்து வந்து இறக்கும் வீடு. 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்யப்பட்டவை எல்லாம் ஹட் எனப்படும் அமெரிக்க வீட்டுவசதித் துறையின் விதிப்படி கட்டப்பட்டவை. வெளிச்சுவரில் சின்னதாக ஒரு சிவப்புத் தகடு அடித்திருப்பார்கள். டபுள்-வைடு என்றால் இரண்டு பாதிகளாக வந்து நடுவில் ஒட்டப்பட்டது, அதனால் தகடும் இரண்டு. ஏசிக்காரருக்கு முக்கியமான விஷயமும் இதுதான்: ஒவ்வொரு பாதியின் தரைக்கடியிலும் தனித்தனியாக நீள வாக்கில் ஒரு தகரக் குழாய் ஓடும். ட்ரங்க் என்பார்கள். அறைகளின் தரையில் உள்ள சின்னச் சின்னக் கிரில்கள் வழியே குளிர்காற்று மேலே வரும். இரண்டு ட்ரங்க்குகளையும் அடியில் இணைக்கும் வளையும் குழாய்க்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். எங்கள் வீட்டில் செத்துக் கிடந்த மலைப்பாம்பு அதுதான்.

ஏசியும் நம் ஊர் மாதிரி இல்லை. ஸ்பிளிட் ஏசியில் சுவரைத் துளைத்து இரண்டு செம்புக் குழாய் போகும், குளிர்விப்பது அறைக்குள்ளேயே நடந்துவிடும். இங்கே வீட்டுக்கு வெளியே ஒரு பெரிய பெட்டி, அதற்குள்ளேயே கம்ப்ரஸர், இரண்டு காயில்கள், ஊதும் விசிறி எல்லாம் இருக்கும். பேக்கேஜ் யூனிட் என்று பெயர். செம்புக் குழாய் வேலையே கிடையாது, காற்றுதான் வீட்டுக்குள் போய்த் திரும்பி வர வேண்டும். அதனால் மிஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டக்ட் சொதப்பினால் போச்சு.

எங்கள் பழைய யூனிட்டுக்கு வயது பத்தொன்பது. கம்ப்ரஸர் ஜூன் மாதம் ஒரு மத்தியானம் டொக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றது. மாற்ற வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. 3 டன் புது யூனிட்டுக்கு விலை கேட்டபோது, டக்ட் வேலைக்கு மட்டும் தனியாக 4,200 டாலர் என்றார்கள். வந்தவர் வீட்டுக்கடியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைத்திருக்கும் ஸ்கர்ட்டிங்கை ஒரு இடத்தில் விலக்கி டார்ச் அடித்துவிட்டு எழுதிய விலை. எனக்குக் கோபம் விலையில் இல்லை, அந்த டார்ச்சில்தான்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டேன். மிஷினை இறக்கிப் பீடத்தில் வைப்பது அவர்கள் வேலை. 240 வோல்ட் இணைப்பும் வெளிச்சுவரில் துண்டிப்பு ஸ்விட்சும் உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனுக்கு. ரெஃப்ரிஜிரண்ட் வாயு ஆலையிலேயே அடைத்து வந்துவிடுகிறது, அதைத் தொடத் தேவையும் இல்லை, சான்றிதழ் இல்லாமல் தொடவும் கூடாது. தகரமும் காற்றும் மட்டும் என் பொறுப்பு. சொந்த வீட்டில் செய்துகொள்ளலாமா, அனுமதி வாங்க வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும், முதலில் உங்கள் கவுண்டியில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படிப் போட்டேன். டன்னுக்குச் சுமார் 400 சி.எஃப்.எம், அதாவது நிமிஷத்துக்கு 400 கன அடி காற்று. 3 டன்னுக்கு 1,200. கிராஸ்ஓவரை நம்பாமல், யூனிட்டிலிருந்தே இரண்டு 12 அங்குல ஃபிளெக்ஸ் டக்ட் எடுத்து, பாதிக்கு ஒன்றாக இரண்டு ட்ரங்க்கிலும் நேராகச் சொருகிவிடுவது என்று முடிவு. ஆளுக்கு 600 சி.எஃப்.எம்மை 12 அங்குலக் குழாய் தாங்கும். யூனிட்டில் குளிர்காற்று வெளியேறும் சப்ளை வாய், வீட்டுக் காற்று திரும்பி வரும் ரிட்டர்ன் வாய் இரண்டுக்கும் தகரக் கடையில் பெட்டி அடித்து வாங்கினேன். சப்ளைப் பெட்டியில் இரண்டு 12 அங்குலக் காலர் (குழாயை மாட்டும் தகர வளையம்), ரிட்டர்ன் பெட்டியில் ஒரு 14 அங்குலக் காலர். ரிட்டர்னுக்குப் பழைய கிரில் ஹாலின் தரையில் ஏற்கெனவே இருந்தது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஃபிளெக்ஸ் டக்டில் மூன்று அடுக்கு. உள்ளே கம்பிச் சுருள் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் வெள்ளிநிற உறை. பஞ்சு ஆர்-8 (வெப்பத்தைத் தடுக்கும் அளவு) தரத்தில் வாங்கினேன். கூடவே இடுக்கு அடைக்க இரண்டு வாளி மாஸ்டிக், நைலான் டை, அதை இறுக்கும் துப்பாக்கி, தொங்கவிட ஒன்றரை அங்குல அகலப் பட்டை, அப்புறம் டக்டுக்கான தரச் சான்றாக யூ.எல். 181 என்று அச்சடித்த டேப். இந்த டேப் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். டக்ட் டேப் என்று பெயர் வைத்து விற்கும் சாம்பல்நிறத் துணி டேப் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒட்டும், டக்டுக்கு மட்டும் ஒட்டாது. 1998-இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பலவகை டேப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்தபோது, சீக்கிரமே கழன்றது இந்தத் துணி டேப்தான். எங்கள் பழைய கிராஸ்ஓவர் காலரிலும் அதே சாம்பல் டேப், வெயிலில் காய்ந்த வாழைச்சருகு போல ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு உள்ளே போனேன். ஜூலையில் பத்து மணிக்கு மேல் அங்கே வேலை செய்ய முடியாது, வெளியே நூறு டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தாண்டிவிடும். முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி, முழங்கால் பட்டை. எல்லாவற்றையும் விட உதவியது பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி. பிரித்து விரித்துப் போட்டால் அதன் மேல் மல்லாந்தபடி வழுக்கிக்கொண்டே போகலாம். நெருப்பெறும்புப் புற்று எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டைப் பார்த்து வைத்தேன். இருந்தது மூன்று.

ட்ரங்க் எங்கே ஓடுகிறது என்று கீழிருந்து தெரியாது, கறுப்புத் துணியும் பஞ்சும் மறைத்திருக்கும். வீட்டுக்குள் ஒரு தரைக் கிரில்லைக் கழற்றி, டார்ச்சை எரியவிட்டு, போனை வீடியோவில் போட்டுக் குழாய்க்குள் நீட்டிப் பார்த்தேன். உள்ளே க்ரயான் துண்டுகள், ஒரு பொம்மைக் காரின் சக்கரம், மூன்று குவார்ட்டர் நாணயம், காய்ந்துபோன ஒரு சுண்டெலி. முன்னால் இருந்தவர்களுக்குச் சின்னக் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். கிரில்லிலிருந்து வெளிச்சுவருக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொண்டு, அதே அளவைக் கீழே போய்ப் பிடித்தால் ட்ரங்க்கின் நடுக்கோடு கிடைத்துவிடுகிறது.

துணியை எச் வடிவில் கீறி இரண்டு பக்கமும் மடித்துவிட்டேன். முழுதாக வெட்டி எடுத்தால் பிறகு மூட ஒன்றும் மிஞ்சாது. பஞ்சை ஒதுக்கியதும் தகரம் தெரிந்தது. காலரை அதன் மேல் வைத்து மார்க்கரால் வட்டம் போட்டு, வட்டத்துக்குக் கால் அங்குலம் உள்ளே வெட்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியலால் தட்டி ஒரு துளை, அதிலிருந்து கத்தரி. தகரக் கத்தரியில் சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைந்து வெட்டும், பச்சைப் பிடி வலப்பக்கம். மல்லாந்து படுத்திருக்கும்போது இடம் எது வலம் எது என்பது குழம்பிவிடும் என்பதை அங்கேதான் கற்றேன். இந்த ட்ரங்க் ஐந்து அங்குல உயரம்தான், கத்தரியை ரொம்ப உள்ளே விட்டால் மேல்தகட்டையும் கிழித்துவிடும். மெல்லிய அலுமினியம் வேறு. வெட்டிய விளிம்பு அரிவாள்மனை போல இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தையல் போடுகிற அளவுக்கு இல்லை, ஆனால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

காலரின் ஒரு பக்கம் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதை ஓட்டைக்குள் நுழைத்து, கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லையும் வெளிப்பக்கமாக மடித்து அமுக்க வேண்டும். அப்புறம் நாலு ஸ்க்ரூ. அதன் மேல் சுற்றிலும் மாஸ்டிக். மாஸ்டிக் என்பது இட்லி மாவு பதத்தில் இருக்கும் சாம்பல் நிறக் குழம்பு. பிரஷ்ஷை விடக் கையுறை போட்ட விரலால் வழித்துப் பூசுவதே சுலபம். மேல்நோக்கிய வேலை என்பதால் பாதி முகத்தில் விழும். நாணயத்தின் கனத்துக்குப் பூசி, ஒரு நாள் காயவிட்டேன்.

ஃபிளெக்ஸை மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். உறையையும் பஞ்சையும் பின்னால் தள்ளி, உள்குழாயை மட்டும் காலரின் மேடு தாண்டி இழுத்து, டேப்பை இரண்டு சுற்று. அதன் மேல் நைலான் டை, துப்பாக்கியால் இறுக்கம். பிறகு பஞ்சையும் உறையையும் காலர் மேல் இழுத்து மூடி இன்னொரு டை. உள்குழாய்க்கு டை போடாமல் உறைக்கு மட்டும் போட்டுவிட்டு, பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடும் ஆட்களும் உண்டு. எங்கள் பழைய டக்டின் மறுமுனையில் அப்படித்தான் இருந்தது.

இருபத்தைந்து அடிப் பை வாங்கினால் இருபத்தைந்து அடியையும் போட்டுவிடத் தோன்றும். கூடாது. உள்குழாய் முழுசாக இழுபட்டு நிற்க வேண்டும், சுருங்கி இருந்தால் உள்ளே சுருக்கம் சுருக்கமாக நின்று காற்றைத் தடுக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினான்கு அடி போதுமாக இருந்தது, மிச்சத்தை வெட்டி எறிந்தேன். வீட்டைத் தாங்கும் இரும்பு உத்தரத்தின் கீழே குழாய் நுழையும் இடத்தில் நசுங்கிவிட்டது. அதைக் கழற்றி, உத்தரத்துக்கு இரண்டடி முன்பே தாழ்த்தி, வளைவைப் பெரிதாக்கி மறுபடியும் போட்டேன். நாலடிக்கு ஒரு பட்டை தொங்கவிட்டு, மண்ணில் எங்கும் படாமல் தூக்கினேன். ஒரு அடி நீளத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு இருக்கக் கூடாது.

மூன்றாவது சனிக்கிழமை எலக்ட்ரிஷியன் வந்து போன பிறகு, சாயங்காலம் முதல் தடவையாக ஓட்டினோம். காற்று வந்தது, ஜில்லென்றும் வந்தது. மனைவி ஹாலில் நின்று கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல்: “இங்க வந்து பாருங்க, அலமாரிக்குள்ள ஊட்டி மாதிரி இருக்கு!”

பழைய ஹீட்டர் நின்றிருந்த அலமாரி அது. அந்த ஹீட்டர் தன் காற்றைக் கீழே ட்ரங்க்குக்குள் தள்ளும் வகை. அது செத்துப் பல வருஷம் ஆகிவிட்டதால் எடுத்துவிட்டுக் கோட்டுகளை மாட்டி வைத்திருந்தோம். தரையில் அதற்கான பெரிய ஓட்டையைப் பலகையால் மூடியிருந்ததோடு சரி. நான் அனுப்பிய குளிரில் ஒரு பங்கு பலகை இடுக்கு வழியே குளிர்கால கோட்டுகளைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. மறுநாள் தகரம் வெட்டி வைத்து ஸ்க்ரூ போட்டு மாஸ்டிக் பூசினேன். ஹீட்டரை எடுக்காமல் வைத்திருப்பவர்கள், காற்று மேலே ஏறாமல் தடுக்கும் டாம்பர் ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும்.

அது தீர்ந்த பிறகும் ஹாலில் விசில் சத்தம் நிற்கவில்லை. ரிட்டர்ன் கிரில்லிலிருந்து பிரஷர் குக்கரில் விசில் வரப்போவது மாதிரி ஒரு சீறல். இரண்டு பெட்டியிலும் சின்னத் துளை போட்டு மானோமீட்டர் குழாயைச் சொருகி அழுத்தம் அளந்தேன். மொத்தம் 0.87 அங்குல நீர்மட்ட அழுத்தம். இந்த யூனிட்டின் விசிறிக்கு 0.5 பக்கம் இருந்தால் சௌகரியம். சப்ளைக் குழாயில்தான் எங்கோ நசுங்கல் என்று நினைத்து, மறுபடியும் உள்ளே போய் ஒரு மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்போது மாமனார் எங்களோடுதான் இருந்தார், கோவையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம், அதில் பாதி ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில். நூல் அறுந்து போகாமல் இருக்க ஈரக் காற்றைப் பெரிய பெரிய டக்ட் வழியாக உள்ளே அனுப்புவார்களே, அது. மூன்று வாரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் கேட்கும் கருவியை எடுத்துக் கொடுத்ததோடு சரி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குக் கிரில் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“என்னங்க மாப்பிள்ளை, காத்து போறதுக்கு ரெண்டு வழி வச்சிருக்கீங்க. வர்றதுக்கு இது ஒண்ணுதானுங்களா?”

“ஆமாம் மாமா, பழசுக்கு இது ஒண்ணுதான் இருந்தது.”

“எங்க மில்லுல உள்ள தள்ற காத்து அத்தனையும் தரையில இருக்கிற டிரெஞ்ச் வழியாத் திரும்பி வரோணும்ங்க. டிரெஞ்ச் கிரில்லுல பஞ்சு அடைச்சுதுன்னா ஃபேன் இப்படித்தான் கத்தும். அந்த ஃபில்டரைக் கொஞ்சம் உருவிப் பாருங்க.”

உருவினேன். சீறல் பாதியாகக் குறைந்தது. மானோமீட்டர் 0.70-க்கு இறங்கியது.

உட்கார்ந்து அளந்தபோது வெட்கமாக இருந்தது. கிரில் 14-க்கு 20 அங்குலம், 280 சதுர அங்குலம். ஃபில்டர் கிரில்லுக்குச் சதுர அங்குலத்துக்கு 2 சி.எஃப்.எம் என்று வைத்துக்கொண்டால் 560. நான் இழுக்க நினைத்தது 1,200. சப்ளைக்கு அத்தனை கணக்குப் போட்டவன், ரிட்டர்னுக்கு ஒரு பெருக்கல்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஆக, பழைய யூனிட்டும் பத்தொன்பது வருஷம் மூச்சுத் திணறித்தான் ஓடியிருக்கிறது.

பெரிய கிரில்லாக மாற்றலாமே என்றால் தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் விடாது. 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை, நடுவே பதினாலரை அங்குல இடம்தான். கட்டையை வெட்டக் கூடாது. அதனால் வீட்டின் மறுபாதியில், சாப்பாட்டு மேஜை பக்கம், அதே அளவில் இரண்டாவது கிரில். தரைப்பலகையில் ரம்பம் வைப்பதற்கு முன் கீழே போய்ப் பார்த்தது நல்லதாகப் போயிற்று, நான் குறித்த இடத்துக்கு நாலு அங்குலம் தள்ளித் தண்ணீர்க் குழாய் ஓடியது. தகரப் பெட்டியை மேலிருந்து இறக்கி, ஜாயிஸ்டோடு ஸ்க்ரூ போட்டு, மூலைகளில் மாஸ்டிக் அப்பினேன். ரிட்டர்ன் பக்கம் ஓட்டை இருந்தால் சப்ளை ஓட்டையை விட மோசம், வீட்டுக்கடியில் இருக்கும் சூடு, ஈரம், தூசி, எலிப்புழுக்கை வாசனை எல்லாவற்றையும் உறிஞ்சி வீட்டுக்குள் ஊதிவிடும். யூனிட்டின் ரிட்டர்ன் பெட்டியில் இன்னொரு ஓட்டை போட்டு 12 அங்குலக் காலர் வைத்து இணைத்தேன். பெட்டிப் பக்க வேலையை மாமாவே செய்தார். நிலத்தில் நின்றபடி செய்கிற வேலை, அதுவும் என்னைவிட நேரான வட்டம்.

மறுபடி ஓட்டியபோது 0.54. விசில் போய்விட்டது. அரை மணி நேரம் ஓடிய பிறகு ரிட்டர்னில் 76 டிகிரி, சப்ளை கிரில்லில் 57. வித்தியாசம் 19, இருக்க வேண்டிய அளவுதான். எறும்புக் கடி மருந்து தவிர்த்துச் சாமான் செலவு மொத்தம் 1,130 டாலர்.

மிச்சம் சில்லறை வேலைகள். கறுப்புத் துணியை மடித்து, அதற்கென்றே விற்கும் ஒட்டுப் பட்டையால் மூடினேன். யூனிட்டிலிருந்து தண்ணீர் வடியும் குழாயில் யூ வளைவு வைத்தேன், இல்லாவிட்டால் விசிறியின் இழுப்பில் தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். ஸ்கர்ட்டிங்கின் ஒரு வினைல் பலகையை எடுத்துவிட்டு, நான்கு வட்டம் வெட்டிய தகரப் பலகையை வைத்தேன். யூனிட்டுக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் நடுவே வெளியில் தெரியும் இரண்டடி டக்டுக்குத் தகரக் கூரை போட்டேன். வெள்ளி உறை டெக்சாஸ் வெயிலுக்குச் சில வருஷத்தில் பொடிந்துவிடும், அணில் வேறு கடிக்கும்.

அக்டோபரில் ஒருமுறை டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்தேன். தொய்வு எங்கும் இல்லை, மாஸ்டிக் கல் மாதிரி இருந்தது. ஒட்டுப் பட்டை மட்டும் ஒரு மூலையில் தூசி மேல் ஒட்டப்பட்டதால் பிரிந்து தொங்கியது. துணியைத் துடைத்துவிட்டு ஸ்டேப்ளர் அடித்து மறுபடி ஒட்டினேன். கடைசிப் படுக்கையறை கிரில்லில் காற்று இன்னும் கொஞ்சம் மந்தம்தான். அங்கே ட்ரங்க்கின் மூடிய முனையில் கசிகிறது என்று சந்தேகம். மாமா ஊருக்குப் போய்விட்டார், வாட்ஸாப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.